எட்டில் ஏழு

சித்த அக்கட்ட நகந்துக்கறீங்களா அம்மிணி? ம், போதுங்க. கோபி வரைக்குந்தான, ஓரமா ஒக்காந்தாலே எனக்குப் போதும். இந்தப் பெட்டியத்தான் பாக்கறீங்க, தெரியுது. பேரனுக்கு வாங்கிட்டுப் போறேன்னு நெனச்சிருப்பீங்க. கண்டக்டரும் அப்படித்தான் நெனச்சாரு. எனக்குப் பேரனெல்லாம் இன்னும் பொறக்கலீங்க. இந்தக் காம்பஸ், பாகைமானி, ஸ்கேல் எல்லாம் எனக்குத்தான். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை எழுதப் போறனுங்க. மூணாந்தடவை.

சிரிங்க, பரவால்ல. நானே சிரிச்சுட்டுத்தான் பஸ் ஏறுனேன்.

என்ற பேரு சாந்தாமணி. எங்கூரு பால்வாடியில ஆயாவா இருக்கறேன். சோறாக்கோணும், முட்டை வேகவெக்கோணும், மூக்குத் தொடைக்கோணும், கால் கழுவி உடோணும். அதுல எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க. ஆனா எங்க டீச்சரம்மா இந்த மே மாசத்தோட ரிட்டயர்டு ஆகறாங்க. பத்தாவது பாஸ் பண்ணியிருந்தா அந்த எடத்துக்கு உன்னையவே போடலாம்னு சூப்பர்வைசர் மேடம் சொல்லிட்டாங்க. இல்லாட்டி வெளியிலிருந்து ஒரு புள்ள வரும். என்ற பொண்ணு வயசுதான் இருக்கும். அது நாற்காலியில ஒக்காந்துட்டு 'ஆயா, ஃபேனைப் போடு'ங்கும், நான் போய்ப் போடோணும். அதை நெனச்சாத்தான் எனக்குத் தொண்டையில சோறு எறங்க மாட்டீங்குது. ஒரு தடவையாச்சும், ஒரு வாண்டாச்சும், என்னையப் பாத்து 'டீச்சர்'னு கூப்புடோணுமுங்க. பேராசைதான், என்ன பண்றது?

தமிழ், இங்கிலீசு, அறிவியல், சமூகம் எல்லாம் போன வருசமே பாஸ். கணக்குதான் காலை வாரி உட்டுருச்சு. முப்பத்தஞ்சு மார்க் வேணும். மொதத் தடவை இருபத்தொன்னு, ரெண்டாந்தடவை இருபத்தொம்போது. ஏறிட்டுத்தான இருக்குதுன்னு நான் சொல்றேன். பெட்ரோல் வெலையும் ஏறிட்டுத்தான் இருக்குதுங்கறாரு என்ற ஊட்டுக்காரரு.

அவருக்கு நான் படிக்கறதே புடிக்காதுங்க. அதை மொதல்ல சொல்லிப்போடறேன். நாச்சிமுத்து டெய்லர்னா எங்கூருல யாரக் கேட்டாலும் காட்டுவாங்க. சாக்கெட்டு தைக்கறதுல மன்னன். வாயத் தொறந்தா லொள்ளு. கோடு போடற இருபடிச் சமன்பாடு இருக்குது பாருங்க, எக்ஸ் ஸ்கொயர்னு வருமே, அதுக்குப் புள்ளி வெச்சு வரைபடம் வரையோணும். எட்டு மார்க்கு. மொதப் பரீட்சையில நான் புள்ளியெல்லாம் சரியா வெச்சுப்போட்டு, ஸ்கேல் புடிச்சு ஒவ்வொரு புள்ளியா நேர்கோட்டுல சேத்துட்டேன். கோலம் போட்ட கை பாருங்க, கோணல்மாணலா இருந்தா பொறுக்காது. அது கையால வளைச்சுப் போடோணுமாமா. அதுக்கப்பறம் ஊட்டுல ஒக்காந்து வளைச்சு வளைச்சுப் பழகுனேன். இவரு எட்டிப் பாத்துட்டு, "இது சாக்கெட்டுக்கு வெக்கற பாட் நெக்கு. இடதுபக்கம் அரை இஞ்சு எறங்கியிருக்குது பாரு"ன்னாரு. படிக்கற பொம்பளைகிட்ட பேசற பேச்சாங்க இது? எறங்கித்தான் இருந்துச்சுங்க, அது வேற.

டியூசனுக்குப் போனனுங்க. கவின்மதின்னு ஒரு புள்ள, காலேசுல கணக்கு படிச்சது, மாடியில டியூசன் எடுக்குது. அங்க என்கூடப் படிக்கறதுங்க பூராவும் நான் பால்வாடியில மூக்குத் தொடைச்சு உட்டதுங்கதான். ஒவ்வொன்னும் இப்ப மீசை அரும்பிக் கெடக்குது. நான் உள்ள போனதும் எல்லாம் எந்திரிச்சு நின்னு 'வாங்க ஆயா'ன்னுச்சுங்க. மரியாதைதான். ஆனா ஒரு கணக்கு நான் தப்பாச் சொன்னா, அதுல ஒன்னு, எங்கிட்ட முட்டைக்கு அழுத பய, 'ஆயா, மைனஸை உட்டுட்டீங்க'ங்கறான். அவன் காலம்.

அந்த மைனஸ்லதான் எனக்கும் கணக்குக்கும் சண்டையே. கேளுங்க. ஒரு புள்ளைக்கு ரெண்டு வயசு மூத்த அக்கா ஒருத்தி. ரெண்டு பேரு வயசையும் பெருக்குனா நாப்பத்தெட்டு. சின்னவ வயசு என்ன? சமன்பாடு போட்டா ரெண்டு விடை வரும். ஒன்னு ஆறு. இன்னொன்னு மைனஸ் எட்டு. மைனஸ் எட்டைத் தள்ளிப்போடோணும்ங்கறாங்க. தள்ளறதுக்கு எதுக்குங்க அதைக் கண்டுபுடிக்கறது? நான் பரீட்சையில தள்ளலை. ரெண்டையும் எழுதிப்போட்டு, கீழ வெளக்கமும் எழுதுனேன். 'சின்னவள் பிறக்க இன்னும் எட்டு வருடம் உள்ளது. அக்காள் பிறக்க ஆறு வருடம் உள்ளது'ன்னு. ரோசிச்சுப் பாருங்க, அக்கா மூத்தவளாவே வர்றா, பெருக்குனாலும் நாப்பத்தெட்டே வருது. அதுக்கு மார்க்கைக் கொறைச்சுட்டாங்க. கவின்மதி விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. ஊட்டுல சொன்னா, இவரு சிரிக்கலை. "பொறக்காத புள்ளைக்கெல்லாம் வயசு போட்டுட்டு இருந்தா பொறந்தவனுக்கு எப்பச் சோறு போடுவே"ன்னு கேட்டுப்போட்டு, அவரே போய் அடுப்புல அரிசியைப் போட்டாரு. எப்படிக் குத்திக்காட்டறாரு பாருங்க.

நிகழ்தகவு அதுக்கு மேல. ஒரு விசயம் நடக்கறதுக்கு எத்தனை வாய்ப்புன்னு சொல்லோணும். நான் அதை ரொம்ப லேசுன்னு நெனச்சனுங்க. மழை வரும், இல்ல வராது. பஸ் வரும், இல்ல வராது. எதுவா இருந்தாலும் ரெண்டுதான, அப்ப எல்லாத்துக்கும் பாதிக்குப் பாதின்னு எழுதிட்டே போனேன். "சாந்தாக்கா, நீங்க பாஸாகறதும் பாதிக்குப் பாதின்னு நெனச்சுட்டு இருக்கறீங்களா"ன்னு அந்தப் புள்ள கேட்டுச்சு. ஆமான்னேன். அது மூஞ்சிய அக்கட்ட திருப்பிக்குச்சு.

அப்பறம் சீட்டுக்கட்டு. அம்பத்திரண்டு சீட்டுல ஒன்னு எடுத்தா அது ராசாவா இருக்க வாய்ப்பு என்னன்னு கேக்கறாங்க. எங்கூட்டுல யாருங்க சீட்டைத் தொட்டாங்க? எத்தனை ராசா, எத்தனை கருப்பு, எத்தனை செகப்பு, ஒன்னும் தெரியலை. சரி, நேரா பாத்துட்டா மனசுல நிக்கும்னு, பால் சொசைட்டிக்குப் பின்னால ஒக்காந்து ஆடற ஆளுங்ககிட்டப் போயி, 'சித்த அந்தக் கட்டைக் குடுங்க, எண்ணிட்டுத் தாரேன்'னேன். பொழுது உழுகறதுக்குள்ள ஊரு பூராவும் பரவிப்போச்சு, பால்வாடி ஆயா சீட்டாட வந்துருச்சுன்னு. இவரு ஒன்னும் திட்டலை. அடுத்த நாளு கோபியிலிருந்து வர்றப்ப லைனிங் துணிக்குள்ள சுத்தி ஒரு சீட்டுக்கட்டு கொண்டாந்து என்ற மடியில போட்டாரு. "இனி அவனுங்ககிட்டப் போயி நிக்காதே"ன்னாரு. கௌரவம் போயிருச்சாமா. வெள்ளிக்கெழமையானா பக்தியாக் கவுச்சி தொடாத மனுசன், கடைக்குப் போயி சீட்டுக்கட்டு கேட்டு வாங்கியிருக்கறாருன்னா எத்தனை ஆத்தரம் இருந்திருக்கோணும் பாருங்க என்ற மேல.

பக்தின்னதும் சொல்லோணும். எங்கூரு செல்லாண்டியம்மன் கோயில்ல பூக் கேக்கறது வழக்கம். உங்க பக்கமெல்லாம் உண்டுங்களா? ஒரு பொட்டலத்துல வெள்ளை அரளி, இன்னொன்னுல செவ்வரளி. ரெண்டும் ஒரே மாதிரி காகிதத்துல மடிச்சு, குலுக்கி, ஆத்தா காலடியில போட்டுருவாங்க. ஊட்டுப் பெரியவங்க கேள்வியக் கேப்பாங்க. பக்கத்துல நிக்கற ஏதாச்சும் ஒரு கொழந்தை வந்து ஒன்னை எடுக்கும். வெள்ளை வந்தா சரிங்கறா, செகப்பு வந்தா வேண்டாங்கறா. இவரு அதைக் கேக்காம ஒன்னும் பண்ண மாட்டாரு. மிசினுக்கு மோட்டார் மாட்டறதுன்னாலும் பூ, கடைக்குத் தகரம் மாத்தறதுன்னாலும் பூ. ஆத்தா செகப்புக் குடுத்துட்டான்னு, வாங்கப் போன எடத்தையே வேண்டாம்னு உட்டவரு.

ரெண்டாந்தடவை பெயிலானதுக்கு அப்பறம் நான் கொஞ்ச நாளு சரியில்லாமத்தான் இருந்தேன். சாப்புடலை, பேசலை, பாத்ரூமுக்குள்ள தண்ணியத் தொறந்து உட்டுட்டு அழுதேன். பிரசரும் வந்துருச்சு. அப்படியும் மூணாந்தடவை பணங்கட்டிட்டேன். ஹால் டிக்கட் வந்துச்சு. அதைக் கையில வாங்கிப் பாத்துட்டு இவரு சொல்றாரு, "வெள்ளிக்கெழமை ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப்போடலாம்."

செகப்பு வந்தா அத்தோட போச்சுங்க. அப்பறம் ஒரு ரோசனை வந்துச்சு. பொஸ்தகத்துல இருக்குது: கட்டாயம் நடக்கற விசயத்துக்கு நிகழ்தகவு ஒன்னு. ஒரு பையில பூராவும் வெள்ளைப் பந்தா இருந்தா, கைய உட்டா வெள்ளைதான வரும்? 'உறுதி நிகழ்ச்சி'ன்னு அதுக்குப் பேரு. ரெண்டு வருசத்துல எனக்கு முழுசாப் புரிஞ்ச பாடமே அது ஒன்னுதானுங்க.

வெள்ளிக்கெழமை கோயிலுக்குப் போனோம். பூசாரிக்குக் கண்ணு மங்கல். நானே பறிச்சு மடிச்சுத் தாரனுங்கன்னு முந்திக்கிட்டேன். ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளை. ஆத்தாகிட்ட மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன், கோவிச்சுக்காதே, நீ எப்படியும் வெள்ளைதான் குடுத்திருப்பே, உனக்குச் சோலியக் கொறைச்சிருக்கறேன்னு. பொட்டலத்தைக் குலுக்கிப் போட்டாச்சு. பொங்க வெக்க வந்திருந்தவங்க ஊட்டுப் பாப்பா ஒன்னு, பாவாடை கட்டிட்டு ஓடியாந்து நின்னுச்சு. நான் ஏறக்குறைய பாஸாயிட்ட மாதிரி நின்னுட்டு இருக்கறேன். இவரு கையக் கூப்பிக்கிட்டு, கண்ண மூடிட்டு, சத்தமாக் கேக்கறாரு:

"ஆத்தா, இவ ரெண்டு வருசமாப் படற பாட்டை என்னால பாக்க முடியலை. இந்தப் படிப்பு இத்தோட போதும், நிறுத்திக்கலாம்னா வெள்ளையக் குடு. இன்னும் படிக்கோணும்னா செகப்பைக் குடு."

அம்மிணி, எழுதலாமான்னுதான கேப்பாருன்னு நான் இருந்தேன். வாயத் தொறக்கறதுக்குள்ள அந்தப் பாப்பா எடுத்துருச்சு. பூசாரி பிரிச்சாரு. வெள்ளை. வராம எங்க போகும்? உறுதி நிகழ்ச்சி. "ஆத்தா உத்தரவு குடுத்துட்டா, நிறுத்திக்க அம்மிணி"ன்னு பூசாரி திருநீறு எடுத்து நீட்டறாரு.

சொன்னா ஆத்தாவையே ஏமாத்துனவ. சொல்லாட்டி பரீட்சை போச்சு. நாற்காலியில ஒக்காந்திருக்கற அந்த முகந்தெரியாத புள்ள என்ற கண்ணு முன்னால வந்துச்சு, ஃபேனைப் போடுங்குது. என்னையறியாம வாய் வந்துருச்சு: "அந்த இன்னொரு பொட்டலத்தையும் பிரிங்க பூசாரி."

பிரிச்சாரு. அதுவும் வெள்ளை. கண்ணு மங்கல்னு பேரு, அன்னிக்கு என்னையப் பாத்த பார்வைக்கு ஒரு கொறையுமில்லை. இவரு பொட்டலத்தைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, மறுபடி பொட்டலத்தைப் பாத்தாரு. கத்துவாருன்னு நெனச்சேன். "ஏன் சாந்தா, ஆத்தா பரீட்சையிலயே பிட்டு அடிக்கறயா"ன்னு மட்டும் கேட்டாரு. அந்தப் பொங்க வெக்க வந்த சனமெல்லாம் சிரிச்சுது. நான் சீலைத் தலைப்ப வாயில வெச்சுட்டு நின்னேன்.

தப்புக்கு ஒரு வெளக்குப் போடச் சொல்லி, பூசாரி இந்தத் தடவை அவரே கண்ணுக்கிட்ட வெச்சுப் பாத்துப் பாத்து ஒரு வெள்ளை, ஒரு செகப்பு மடிச்சாரு. கேள்விய நான் சொன்னேன்: "பரீட்சை எழுதலாம்னா வெள்ளைன்னு கேளுங்க." இவரும் அப்படியே கேட்டாரு. பாப்பா எடுத்துச்சு. செகப்பு.

நான் உடலைங்க. மனசுக்குப் படாட்டி மூணு தடவை வரைக்கும் கேக்கறது அங்க வழக்கந்தான். மூணு காசு சுண்டுனா ஒரு தலையாச்சும் உழுகறதுக்கு எட்டுல ஏழு வாய்ப்புன்னு கணக்கு இருக்குது. எனக்கு அது தண்ணி பட்ட பாடு. "மூணு தடவை கேளுங்க, ஒரு தடவை வெள்ளை வந்தாப் போதும், எட்டுல ஏழு பங்கு நம்ம பக்கம்"னு இவருக்குச் சொல்லிக் குடுத்தேன். பூசாரிக்கும் சேத்துத்தான் சொன்னேன். ஒன்னுதான் ஏற்கெனவே போயிருச்சே, அப்ப அது நாலுல மூணுதானேன்னு எனக்கு ரெண்டாவது பொட்டலம் பிரிக்கறப்பத்தான் ஒறைச்சுது. பிரிச்சாங்க. செகப்பு. சரி, பாதிக்குப் பாதி. என்ற பழைய கணக்குக்கே திரும்பி வந்தாச்சு. அந்தப் பாப்பாவுக்குச் சலிச்சுப்போச்சு, முட்டாயி குடுத்தாத்தான் எடுப்பேன்னு நின்னுச்சு. இவரே கடைக்குப் போயி வாங்கியாந்து குடுத்தாரு. மூணாவதையும் எடுத்துச்சு. பூசாரி பிரிக்கறப்பவே காகிதத்து வழியா எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

எட்டுல ஏழு பேரு தப்பிச்சுப் போற எடத்துல மாட்டிக்கற அந்த ஒருத்தி யாருன்னு நீங்க என்னிக்காச்சும் ரோசிச்சிருந்தா, பாத்துக்குங்க, நாந்தான்.

அப்படியே தூணுல சாஞ்சு ஒக்காந்துட்டேன். அழுகை வரலை. என்னமோ பெருசா கழட்டி வெச்சாப்புல இருந்துச்சு. சரி, ஆயாவாவே இருந்துட்டுப் போறேன், முட்டை வேகவெக்கறதும் ஒரு பொழப்புத்தானன்னு தோணுச்சு. "வாங்க, ஊட்டுக்குப் போலாம். ஆத்தா மூணு தடவை சொல்லிட்டா"ன்னேன்.

இவரு நகரலை. அந்த மூணு செவ்வரளியையும் கையில எடுத்துப் பாத்துட்டே நின்னாரு. "பரீட்சை என்னிக்கு?"ன்னாரு. திங்கக்கெழமைன்னேன். "போயி எழுது."

ஆத்தாதான் வேண்டாங்கறாளேன்னேன். தகரத்துக்கும் மோட்டாருக்கும் பூக் கேட்ட மனுசன். பூசாரிய ஒரு பார்வை பாத்தாரு, அவரு வெளக்குக்கு எண்ணெய் ஊத்தற மாதிரி அக்கட்டப் போயிட்டாரு.

"உன்னையக் கட்டலாமான்னு கேட்டப்பவும் செகப்புத்தான் வந்துச்சு"ன்னாரு.

எனக்கு ஒன்னும் புரியலீங்க. எங்க மாமியார் சாகற வரைக்கும், வெள்ளைப் பூ உழுந்து வந்த மருமகளுன்னுதான் போறவங்க வர்றவங்ககிட்டயெல்லாம் என்னையச் சொல்லுவாங்க. "நாந்தான் தனியாப் போயிக் கேட்டேன். ஊட்டுல வெள்ளைன்னு சொல்லிப்போட்டேன். இத்தனை வருசத்துல என்ன கெட்டுப் போச்சு? எந்திரி"ன்னு கையக் குடுத்தாரு. நான் அந்தக் கையப் புடிச்சு எந்திரிச்சேன். கோயில்ல எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க.

அந்தா, கோபி வந்துருச்சு. வழி உடுங்க அம்மிணி, பெட்டிய எடுத்துக்கறேன். இருங்க, இதையும் சொல்லிப்போட்டு எறங்கறேன். அன்னிக்கு மொபெட்டுல திரும்பி வர்றப்ப, பின்னால ஒக்காந்துட்டு என்ற மண்டை சும்மா இருக்குமா? "ஏனுங்க, எத்தனை தடவை கேட்டீங்க அப்ப?"ன்னேன். ஒரே தடவைதான்னாரு. "மூணு தடவை கேட்டிருக்கலாமில்லீங்க, எட்டுல ஏழு பங்கு வெள்ளை வந்திருக்குமே"ன்னேன். வாய்க்கால் பாலத்து மேட்டுல வண்டிய முறுக்குனாரு மனுசன். அப்பறம் முன்னால பாத்துட்டே சொன்னாரு:

"மறுபடியும் செகப்பு வந்துட்டா என்ன பண்றதுன்னு பயந்துதான் கேக்கலை."